மடியில் வைத்த பியூஸ் கட்டை

செருப்பைக் கழற்றிக் கம்பத்தடியில் போட்டுவிட்டு மேலே ஏறுவது லைன் வேலைக்காரர்களின் வழக்கம். கீழே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தால் மேலே ஓர் ஆள் இருக்கிறான். கருங்கண்மாய் செக்‌ஷன் போர்மேன் சங்கிலி அண்ணாச்சி தலையை எண்ணமாட்டார், செருப்பைத்தான் எண்ணுவார். முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவருக்கு எண்ணிக்கை தப்பியதில்லை.

அந்தச் சித்திரையில் தப்பியது. முந்தின நாள் கொம்பையாவின் செருப்பு கரிசல் மண்ணில் வெந்து, அடிப்பாகம் கூழாகி ஒட்டிக்கொண்டது. புதுச் செருப்பையும் பறிகொடுக்க மனமில்லாமல் மறுநாள் அதை இடுப்புக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, காலில் ஈரச் சாக்கைச் சுற்றி ஏறினான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

வெயில் ஐம்பதைத் தொடத் தொடங்கி அது ஆறாவது வருஷம். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை யாரும் வெளியே நடமாடக் கூடாதென்று சட்டமே போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் லைன்காரர்களுக்கும் மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. வெயிலில் கம்பி நீளும். நீண்ட கம்பி தொங்கும். தொங்கினால் கருவேல மரத்தில் உரசி லைன் போய்விடும். லைன் போனால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற சனத்துக்கு ஃபேன் காற்றும் போய்விடும். அதனால் ஊர் உள்ளே இருக்க வேண்டிய நேரத்தில்தான் கொம்பையா வெளியே இருக்க வேண்டியிருந்தது.

எந்த ஊருக்கு எப்போது கரண்ட் என்பதை இப்போதெல்லாம் மனுஷர்கள் முடிவு செய்வதில்லை. இருப்பதோ கொஞ்சம், கேட்பதோ கோடிப் பேர். நிமிஷத்துக்கு நிமிஷம் யோசித்து ஒரு லைனை நிறுத்தி இன்னொன்றை ஏற்றுவதற்கு ஒரு எந்திர மூளையை வைத்திருந்தார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. லைன்காரர்கள் அதை மேஸ்திரி என்றார்கள். வீட்டுக்கு வீடு இருக்கிற மீட்டரெல்லாம் அதற்குக் கண், வேண்டுமென்றால் ஒரு வீட்டை மட்டும் நிறுத்துகிற விரலும் அதுதான். வேலை செய்ய வேண்டுமென்றால் அதனிடம்தான் லைன் கிளியர் வாங்க வேண்டும். 'லைன் செத்துவிட்டது, ஏறலாம்' என்று அது கொடுக்கும். 'எல்லாரும் இறங்கியாச்சு' என்று போர்மேன் அதைத் திருப்பிக் கொடுத்தால் பத்து செகண்டில் லைனை ஏற்றிவிடும். யார் மேலே இருக்கிறான் என்று அதற்குக் காட்டிக்கொடுக்க இடுப்பில் கட்டும் வில்லை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். வெயில் நாற்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் அந்த வில்லை செத்துவிடும்.

வியாழக்கிழமை நான்கு கம்பங்களில் நான்கு பேர் ஏறியிருந்தார்கள். கொம்பையாவின் கம்பம் மட்டும் கண்மாய்க் கரை வளைவில், கருவேலங்காட்டுக்குப் பின்னால். மூன்று பேர் இறங்கி ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். நாலாவது கம்பத்தடியை அண்ணாச்சி தூரத்திலிருந்தே பார்த்தார். செருப்பு இல்லை. கொம்பையா முன்னாடியே இறங்கி நிழல் தேடிப் போயிருப்பான் என்று எண்ணி, தப்பித்தவறி வருகிற கரண்டை மண்ணுக்கு இழுத்துவிடும் எர்த் ராடுகளையும் கழற்றச் சொன்னார். லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொம்பையா அப்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

லைன் ஏறவில்லை. பத்து செகண்டில் ஏற வேண்டியதற்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. அவன் நிதானமாக வேலையை முடித்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும் போல வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். போனைப் பையில் போட்டு முகம் துடைப்பதற்குள் தலைக்கு மேலே கம்பி உறுமியது. காட்டைச் சுற்றிக்கொண்டு வந்த ஜீப்பிலிருந்து சங்கிலி அண்ணாச்சி அவனையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏல, நீ இம்புட்டு நேரம் மேலயா இருந்த?"

கொம்பையா தலையை ஆட்டினான். அண்ணாச்சி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரிட்டயர்டாக ஏழு மாசம் இருக்கிற மனுஷன். வெளியே சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். கொம்பையா வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பதினோரு நிமிஷம் சும்மா போகவில்லை. அதே லைனில்தான் ஊர்க் குளிர்க்கூடம் இருந்தது. முன்பு கல்யாண மண்டபமாக இருந்ததைக் குளிரூட்டி, வீட்டில் வெக்கை தாங்காதவர்கள் ரேஷன் கார்டைத் தேய்த்துவிட்டு வந்து உட்காரும்படி வைத்திருந்தார்கள். யார் கார்டு தேய்ந்தது என்பதும் மேஸ்திரிக்குப் போய்விடும். மண்டபத்துப் பேட்டரி நாற்பது நிமிஷம் தாங்கும். லைன் வேலை முப்பத்தெட்டாவது நிமிஷத்திலேயே முடிந்ததாகக் காகிதம் சொன்னது. பேட்டரி தீர்ந்த பிறகு மண்டபத்தில் ஒன்பது நிமிஷம் காற்று நின்றுபோனது. நான்கு பேர் மயங்கினார்கள். மூன்று பேர் எழுந்தார்கள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த லூர்தம்மாள் எழவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், மேஸ்திரியைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் ஜெபசீலி. தூத்துக்குடிப் பெண். லைன்காரர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். லைன்காரர்கள் காலனியில் நாற்பத்திரண்டு வீடு இருக்க, நேராகக் கொம்பையா வீட்டு வாசலில் வந்து நின்றாள். விசாரணைக்கு வந்தவள் மாதிரி இல்லை அவள் முகம். விடுகதைக்கு விடை தெரியாமல் தூக்கம் கெட்டவள் மாதிரி இருந்தது.

"வியாழக்கிழமை பன்னெண்டு இருபத்தொண்ணுக்கு லைன் கிளியர் திரும்பிருச்சுண்ணே. மேஸ்திரி முப்பத்திரெண்டு வரைக்கும் லைனை ஏத்தல. ஏன்னு மூணு நாளாத் தேடுறேன். அந்த நேரத்துல ஊர்ல என்னென்ன மாறுச்சுன்னு ஒவ்வொண்ணாப் பார்த்தேன். உங்க காலனி வேற லைன், அங்க கரண்ட் போகவே இல்ல. ஆனா உங்க வீட்டு மீட்டர் மட்டும் முக்கால் மணி நேரம் செத்துக் கெடந்துட்டு, திடீர்னு ஓட ஆரம்பிச்சுது. அது ஓடின நாலாவது செகண்டு லைன் ஏறிருக்கு."

அடுப்படியிலிருந்து முப்பிடாதி வெளியே வந்தாள். கொம்பையாவின் பெண்சாதி.

"அந்தப் பதினோரு நிமிசமும் இவுக மேலதான் இருந்தாகளா?"

கொம்பையா தலையைக் குனிந்தான். அவள் புரிந்துகொண்டு சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். சேலை மடியை ஒரு கையால் பொத்திக்கொண்டாள். ஜெபசீலி அந்தக் கையையே பார்த்தாள்.

அது அந்தக் காலனிப் பெண்களின் பழக்கம். லைனில் ஏறுகிறவன் அந்தக் காலத்தில் டிரான்ஸ்பார்மரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான், வேறு எவனும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதென்று. அதைப் பார்த்து வீட்டிலிருந்த பெண்கள் தங்கள் பங்குக்கு வீட்டுப் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். புருஷன் கம்பியைத் தொடும் நேரத்தில் தன் வீட்டில் கரண்ட் ஓடக் கூடாது. ஓடினால் அது அவனைத் தேடிப் போகும். ஏறும்போது ஒரு மிஸ்டு கால், கட்டையைப் பிடுங்குவார்கள். இறங்கியதும் ஒன்று, மாட்டுவார்கள். டிரான்ஸ்பார்மரில் பீங்கான் கட்டை போய் மேஸ்திரி வந்த பிறகும் காலனி வீடுகளில் பழைய போர்டுதான். பழக்கமும் போகவில்லை.

முன்பு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இப்போது இருந்தது. போன கோடையில் முப்பிடாதி வெக்கையில் விழுந்து மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் உடம்பு வேர்ப்பதை மறந்துவிட்டது, கால் மணி நேரம்கூட ஃபேன் இல்லாமல் இருக்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் எழுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லி, ரேஷன் கார்டில் சிவப்புப் புள்ளி வைத்து அனுப்பினார். கொம்பையா சண்டை போட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அவள் மிஸ்டு கால் வந்தால் கட்டையைப் பிடுங்குவதை நிறுத்தவில்லை. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரமானாலும் உட்கார்ந்திருந்தாள்.

ஜெபசீலி எல்லாவற்றையும், அண்ணாச்சி செருப்பு எண்ணிய கதையையும் சேர்த்து, கேட்டு முடித்தாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

"அதுக்கு நாங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதாம்மா. உசுரு போகக் கூடாது. எப்படின்னு சொல்லல. அது மூணு வருசமா எல்லா மீட்டரையும் பார்த்து, செத்தவங்க யாரு பிழைச்சவங்க யாருன்னு பார்த்து, அதுவாக் கத்துக்குது. என்ன கத்துக்கிச்சுன்னு எங்களுக்கே நடந்த பிறகுதான் தெரியும். உங்க வீடு இருட்டா இருந்தா அண்ணன் மேல இருக்காருன்னு அடையாளம் வச்சிருக்கு."

அந்த மூன்று வருஷத்தில் செக்‌ஷனில் இரண்டு பேர் கம்பியில் செத்திருந்தார்கள். ஒருவன் கல்யாணமாகாதவன், வாடகை ரூமில் இருந்தவன். இன்னொருவனின் பெண்சாதி பிரசவத்துக்குப் போயிருந்தாள், மாமியார்க்காரி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வீட்லயும் கட்டையைப் புடுங்க ஆளில்ல," என்றாள் முப்பிடாதி. காலனியில் எல்லாரும் அப்போதே பேசிக்கொண்டதுதான்.

"அதனால சாகலம்மா. வேலையில நடந்த தப்பால செத்தாங்க."

"நீங்க படிச்சவுக. அப்படித்தான் சொல்லுவீக." மடியைப் பொத்தியபடியே அவள் கேட்டாள், "நான் கட்டையை மடியில வச்சிருந்தப்பதான் லூர்தம்மா போச்சா?"

"நீங்க வச்சிருக்கலைன்னா அண்ணன் போயிருப்பாரு."

"நான் அதைக் கேக்கலம்மா."

ஜெபசீலி ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள். இதைப் பழுது என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் மேஸ்திரியிடமிருந்து அந்தப் பழக்கத்தை அழித்துவிடுவார்கள், பழுதில்லை என்று எழுதினால் அண்ணாச்சி செருப்பு எண்ணிய விஷயத்தையும் எழுத வேண்டும், ஆகவே தனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறவரை எதையும் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

கொம்பையா அன்று முழுக்க யோசித்தான். அவளுடைய கட்டை அவனைக் காப்பாற்றியிருக்கிறது. இத்தனை நாள் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவந்தவனுக்கு இனி அந்தச் சண்டையைப் போடவும் வாயில்லை. இப்படியே போனால் இந்தக் கோடை முடிவதற்குள் அவள் போய்விடுவாள், தான் மட்டும் இறங்கி வந்து யாருக்கு மிஸ்டு கால் கொடுப்பது? அவனுக்கு ஒரே வழிதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலையில், இன்றைக்கு ஏறுகிற வேலை இல்லை, ஸ்டோரில் சாமான் அடுக்குகிற வேலை என்று சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பத்தடியில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் செருப்பைக் கழற்றிப் போட்டான். அண்ணாச்சி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். போனைத் தொடாமல் கொம்பையா ஏறினான். இருபத்து மூன்று வருஷத்தில் வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க அவன் கம்பியைத் தொடுவது அதுதான் முதல் தடவை. விரல் கூசியது. மேஸ்திரி இப்போது என்னைப் பார்க்கிறதா இல்லையா என்று ஒரு கேள்வி உள்ளே ஓடிக்கொண்டேயிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்து இறங்கினான். பழக்கம் வேறு கரண்ட் வேறு என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டான்.

இரண்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, தண்ணீர்ச் சருவத்துக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு முப்பிடாதி சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் அவனை விடவில்லை.

"எத்தனை மணிக்கு ஏறுனீக?"

ஸ்டோரில்தான் இருந்தேன் என்று அவன் ஆரம்பித்தான்.

"பன்னெண்டு அஞ்சுக்கு ஏறுனீக. முக்காலுக்கு எறங்குனீக."

"யாரு சொன்னா?"

அவள் கையைத் தூக்க முடியாமல் தாடையால் ஃபேனைக் காட்டினாள். கட்டை போர்டில்தான் இருந்தது, தான் தொடவே இல்லை என்றாள். பக்கத்து வீடுகளிலெல்லாம் கரண்ட் இருந்தது. இந்த வீட்டில் மட்டும் ஃபேன் தானாக நின்றது, நாற்பது நிமிஷம் கழித்துத் தானாகவே சுற்றியது. நின்ற நிமிஷமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நின்ன உடனே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம்லா?"

"நீங்க மேல இருக்கீக. நான் அடுத்த வீட்ல போய்க் காத்து வாங்கவா?" என்றவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "பொய் சொல்லிட்டுப் போனீகளே. அந்த மேஸ்திரிகூடப் பொய் சொல்லல."

அவன் துண்டை நனைத்து நனைத்து அவள் தலையில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெபசீலி.

"அண்ணே, உங்க வீட்டை மேஸ்திரியே கட் பண்ணிருக்கு. யாரும் சொல்லாம. அம்மா நல்லா இருக்காங்களா?" இருக்கிறாள் என்று கேட்ட பிறகுதான் அவள் குரல் இறங்கியது. "நான் நினைச்சது தப்புண்ணே. உங்க வீட்டு இருட்டை அது அடையாளமாப் பார்க்கல. வீடு இருட்டா இருந்தா ஆளு சாக மாட்டான்னு நினைச்சிருக்கு. கட்டையைப் புடுங்கின வீட்ல யாரும் சாகல, புடுங்காத ரெண்டு வீட்ல செத்துட்டாங்க. அது பார்த்தது அவ்வளவுதான். இன்னைக்கு உங்க பேரு லைன் கிளியர்ல இருக்கு, வீட்ல கரண்ட் ஓடுது. பயந்துபோய் அதுவே புடுங்கிருச்சு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். முப்பிடாதி கேட்டுக்கொண்டிருந்தாள். வெடித்த உதட்டோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப அதும் நம்ம காலனிக்காரிதான்."

ஜெபசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது, ஒரு வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது காற்றை நிறுத்தியிருக்கிறது, இன்றைக்கே பழுதென்று எழுதி அழிக்கச் சொல்ல வேண்டும் என்றாள். அழித்துவிட்டால் அடுத்த தடவை செருப்பு எண்ணிக்கை தப்பும்போது பொறுத்து நிற்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கொம்பையா அழித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். முப்பிடாதி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அம்மா, வீட்டுக்குள்ளயும் ஒரு உசுரு கெடக்குன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்க முடியாதா?"

"அது சொன்னாக் கேக்காதும்மா. பார்த்துத்தான் கத்துக்கும்."

முப்பிடாதி ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பப் பாக்கட்டும். பத்து நாளு குடுங்க."

ஜெபசீலி பத்து நாள் பொறுக்க ஒத்துக்கொண்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு முப்பிடாதி கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டைப் பூட்டினாள். ஏறுகிற நாளில் காலனிப் பெண் எவளும் வீட்டை விட்டு இறங்கியதில்லை. புருஷனைக் கம்பத்தில் விட்டுவிட்டுக் காற்று வாங்கப் போகிறாள் என்று வாசலுக்கு வாசல் பேசினார்கள். அவள் மெல்ல நடந்து மண்டபத்துக்குப் போய், சிவப்புப் புள்ளி வைத்த ரேஷன் கார்டைத் தேய்த்து உள்ளே போனாள். லூர்தம்மாள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று விசாரித்தாள். அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்துக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கொம்பையாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். உட்கார்ந்துவிட்டேன், இனி ஏறலாம் என்று அர்த்தம். இத்தனை காலம் அவன் கொடுத்து அவள் காத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் கொடுக்கும்வரை அவன் ஏறவில்லை.

வீடு இருட்டாகவே கிடந்தது. மேஸ்திரிக்கு அது போதும் போலிருந்தது. மண்டபத்தில் ஒரு ஃபேனும் நிற்கவில்லை. நாலாம் நாள் இன்னொரு வீட்டுக்காரி முந்தானையில் கட்டையை முடிந்துகொண்டு வந்து சேர்ந்தாள். ஏழாம் நாள் ஐந்து பேர் இருந்தார்கள்.

பத்தாம் நாள் மண்டபத்து வாசலில் கார்டு தேய்க்கிற எந்திரம் மக்கர் செய்து, வெளியே நீளமாக ஆள் நின்றது. முப்பிடாதியும் அந்த வரிசையில் நின்றாள். கண்மாய்க் கரையில் எல்லாரும் கயிறு கட்டித் தயாராக நின்றார்கள். தொங்கிக்கொண்டிருந்த கம்பியில் இன்னும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. லைன் கிளியர் வரவில்லை. சங்கிலி அண்ணாச்சி மூன்று தரம் கேட்டார். ஒருநாளும் இப்படிச் சுணங்காதே என்று ஆபீசுக்குப் போன் போட்டார். லைனை நிறுத்த ஒரு தடையும் இல்லை, ஏனோ அது நிறுத்த மாட்டேனென்கிறது என்று அங்கிருந்து சொன்னார்கள். பதினெட்டு நிமிஷம். கொம்பையா அவர்களோடு சேராமல் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றான்.

போன் ஒரு மணி அடித்து நின்றது. முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள்.

அவன் நிமிர்வதற்குள் அண்ணாச்சியின் போனில் லைன் கிளியர் வந்து விழுந்தது.

"என்னல இது, இம்புட்டு நேரம் யாருக்காகக் காத்துக் கெடந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

கொம்பையா போனைப் பையில் போட்டான். மேஸ்திரி விளங்கித்தான் காத்திருந்ததா, இல்லை பத்து நாள் பார்த்த பழக்கத்தில் காத்திருந்ததா? அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்கு அவளைக் கொஞ்சம் தாமதமாகக் கார்டைத் தேய்க்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. வந்த வேகத்தில் அதை விட்டுவிட்டான். இருபத்து மூன்று வருஷம் அவள் கட்டையைப் பிடுங்கியது விளங்கியா, பழக்கத்திலா என்று அவன் என்றாவது கேட்டிருக்கிறானா?

ஈரச் சாக்கை விரித்து, செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தான். அண்ணாச்சி குனிந்து பார்த்து எண்ணிக்கொண்டார். அவர் எண்ணிக்கையில் அந்தக் கம்பத்தடியில் ஒரு ஜோடி.

மேஸ்திரியின் எண்ணிக்கையில், மண்டபத்தில் இருப்பவளையும் சேர்த்து, இரண்டு.